உடைவதற்கென்றே ஒரு பித்தளை ஆணி

தம்பி, நீ போனை வைத்ததும் நீ சொன்னதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். உடனே அவர், "அவன் இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டிட்டானோ, இனித்தான் எழுதப்போறானோ?" என்று கேட்டார். "இனித்தானாம்" என்றேன். "அப்ப நேரம் கிடக்கு. நீ முதல்ல எழுது" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று பாதியிலேயே வெட்டிவிடுவாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. உன் அறையில் இருக்கிற மற்றப் பிள்ளைகளும் விரும்பினால் வாசிக்கட்டும். இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, என் மானம் போன கதைகள்தான் இருக்கின்றன. அவை எப்படியும் ஊருக்கே தெரிந்தவை.

நீ சொன்னதை நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். நீ தாதியாக வேலை செய்கிற அந்தச் சிங்கள ஊர் ஆஸ்பத்திரி வார்டில் ஏதோ ஒரு சிங்கள வசனத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டாய். கட்டிலில் கிடந்த நோயாளிகளிலிருந்து உன்னோடு வேலை செய்கிற தாதிப் பிள்ளைகள் வரை எல்லாரும் சிரித்துவிட்டார்கள். என்ன சொன்னாய் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நீ வாய் திறப்பதில்லை. ஊசி போடுவதென்றால் கையைக் காட்டுகிறாய், மருந்து கொடுப்பதென்றால் தலையை ஆட்டுகிறாய், அதற்கு மேல் ஏதும் வந்தால் தமிழ் தெரிந்த ஆளைத் தேடுகிறாய். "முதல்ல புத்தகத்தை வைச்சு வடிவாப் படிச்சுப்போட்டு, பிறகு கதைக்கிறன் அம்மா" என்றாய். அதே மூச்சில், ஊர்ப்பக்கம் மாற்றம் கேட்கப்போவதாகவும் சொன்னாய். எனக்கு உன்மேல் கோபமில்லை என்று எழுதத் தொடங்கினேன், அது பொய். கொஞ்சம் கோபம்தான். ஆனால் அதைவிட, நீ என் வயிற்றில் பிறந்த பிள்ளைதான் என்பது இந்த விஷயத்தில் நன்றாகத் தெரிகிறது என்று சிரிப்பும் வந்தது.

நான் படகு ஓட்டுகிறேன் என்பது உனக்குத் தெரியும். "உங்களுக்கேன் அம்மா இந்த வேலை?" என்று கேட்டவனும் நீதான். ஆனால் எப்படிப் பழகினேன் என்று ஒருநாளும் நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மழை ஏமாற்றி, குளம் தரை தெரிய வற்றி, நம் வயல் விதைப்பில்லாமல் கிடந்தபோதுதான் நான் கரைப்பக்கத்துப் பெண்கள் குழுவில் சேர்ந்தேன். நம் நறுவிலிக்குளத்திலிருந்து கரைக்குச் சைக்கிளில் போய் வரக்கூடிய தூரம். ஆழம் குறைந்த கடலில் கயிறுகளை இழுத்துக் கட்டி, அதில் கடற்பாசி வளர்க்கிறோம். கயிறுகளுக்குப் போக ஒரு பைபர் படகும், அதன் பின்பக்கம் பூட்ட ஒரு சின்ன இஞ்சினும் ஒரு உதவித் திட்டத்தில் குழுவுக்குத் தந்திருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: குழுவில் உள்ள பெண்களேதான் படகை ஓட்ட வேண்டும். ஓட்ட ஆளில்லையென்றால் படகும் கயிறுகள் கட்டிய கடல்பரப்பும் வேறொரு குழுவுக்குப் போய்விடும்.

எங்களில் படகு ஓட்டத் தெரிந்தவள் மெற்றில்டா ஒருத்திதான். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள், தகப்பனோடு சின்னதிலேயே கடலுக்குப் போனவள், உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள், குரல் மட்டும் லவுட்ஸ்பீக்கர். அவளுக்குப் பிள்ளை தங்கியது. டொக்டர் படகில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். குழுக் கூட்டத்தில் "இனி ஆர் ஓட்டுறது?" என்று கேட்டபோது எல்லாரும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். நீந்தத் தெரியாதவள், கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதவள், கையைத் தூக்கினேன். ஏன் தெரியுமா? அப்பாவின் முழங்கால் நோ கூடிய நாளிலிருந்து லாண்ட்மாஸ்டரை, அந்த இரண்டு சில்லு உழவு மெஷினை, ஓட்டுகிறவள் நான்தானே. உழுவதும் நான், பின்னால் இழுவைப் பெட்டியைப் பூட்டி நெல் ஏற்றுவதும் நான். எங்கள் பக்கத்தில் அப்படி ஓட்டுகிற பெண் வேறொருத்தி இல்லை என்ற நினைப்பு எனக்குத் தலைக்கு மேல். இஞ்சின் எல்லாம் இஞ்சின்தானே என்று நினைத்தேன். வீட்டில் வந்து சொன்னதும் அப்பா, "குளத்தில குளிக்கவே படியை விட்டு இறங்கமாட்டாய், நீ கடலுக்கோ?" என்று கேட்டுவிட்டு, உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார்.

முதல் நாள் மெற்றில்டா முழங்காலளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருக்க, நான் இஞ்சினடியில். படகின் முன்பக்கம், அதுதான் அணியத்தில், பரீதா. அவளும் எங்கள் குழுதான். கடலில் எனக்குத் தெரிந்தது எவ்வளவோ அவளுக்கும் அவ்வளவே. துணைக்கு வந்தாள். கயிற்றை இழுத்ததும் இஞ்சின் பற்றி உறுமத் தொடங்கியது. எனக்குப் பெரிய பெருமை. மெற்றில்டா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நான் காதில் போடவில்லை. கொஞ்சத் தூரத்தில் மணல்திட்டு. தண்ணீருக்குள் சுழலும் விசிறி மணலில் முட்டி இஞ்சின் முனகியது. வயலில் சில்லு சேற்றில் புதைந்தால் நாங்கள் என்ன செய்வோம்? வேகத்தைக் கூட்டி ஒரு உறுக்கு உறுக்குவோம், வண்டி எழும்பி வரும். நானும் உறுக்கினேன். டக் என்று ஒரு சத்தம். இஞ்சின் முன்னையைவிடச் சந்தோசமாகக் கத்துகிறது, படகு அசையவில்லை. "அக்கா, நிப்பாட்டுங்கோ! உது வயல் இல்லை அக்கா, கடல்!" என்று மெற்றில்டா கத்தியது கரை முழுக்கக் கேட்டது. வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் ஒருவர், "கப்டன், கொஞ்சம் உரமும் போட்டுப் பாருங்கோ!" என்றார். எனக்குக் காது சுட்டது. மெற்றில்டா இஞ்சினில் எதையோ மாற்றிப் பூட்டினாள், நான் நின்று பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இஞ்சினில் ஏதோ கோளாறு என்று சொன்னேன்.

இப்போது உன் புத்தகக் கதைக்கு வருகிறேன். அன்று நானும் உன்னைப் போலத்தான் யோசித்தேன். முதலில் ஆருக்கும் தெரியாமல் பழகி எடுப்பது, பிறகு எல்லாருக்கும் முன்னால் சும்மா அப்படி ஓட்டிக்கொண்டு போய்க் காட்டுவது. நல்ல மத்தியான வெயிலில், கரையில் எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரமாகப் பார்த்து, பரீதாவை இழுத்துக்கொண்டு போனேன். மெற்றில்டாவுக்குச் சொல்லவில்லை. படகு போனது தம்பி, வடிவாகத்தான் போனது! பரீதா அணியத்தில் இருந்து எனக்குக் கை தட்டினாள். அந்தச் சந்தோசப் புளுகில், மிதந்துகொண்டிருந்த எங்கள் பாசிக் கயிற்றின் மேலேயே ஓட்டிவிட்டேன். கயிறு விசிறியில் சுற்றியது, மறுபடியும் டக். என்ன உடைந்தது என்றும் தெரியாது, மாற்றத் தெரியவும் தெரியாது. கேட்டால்தானே தெரியும்! நல்ல காலம், இடுப்பளவு தண்ணீர்தான். நானும் பரீதாவும் இறங்கி, படகைக் கயிற்றில் கட்டி, கட்டாக்காலி மாட்டை இழுக்கிற மாதிரிக் கரைக்கு இழுத்துவந்தோம். இழுக்க இழுக்கக் கரை முழுக்க ஆட்கள். தூங்கியவர்கள் எழும்பிவிட்டார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டார்கள். ஒருவரும் பார்க்கக்கூடாது என்று போனவளை ஊரே நின்று பார்த்தது.

மெற்றில்டா வந்து ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் மெல்ல இருந்து, விசிறியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு சின்னப் பித்தளை ஆணியை எடுத்தாள். இரண்டாக முறிந்திருந்தது. "இதைப் பாருங்கோ அக்கா. இது உடையத்தான் போட்டிருக்கு. இது உடையாட்டி விசிறி உடையும், இல்லாட்டி இஞ்சினுக்குள்ள பல்லுச்சில்லு போகும். அதுகள் போனா நாங்கள் அவ்வளவுதான். ஆணி உடைஞ்சா வேற ஆணி." நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். "ஏன் இதை முதல்லயே சொல்லேல்ல?" என்று கேட்டேன், வெட்கம் கெட்டு. "சொன்னனான்" என்றாள். "நீங்கள்தான் கப்டன் மாதிரி நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தியள்." பிறகு அவள் சிரித்தாள், பரீதா சிரித்தாள், எனக்கும் அடக்க முடியவில்லை. அன்றைக்கே ஆணி மாற்றப் பழகினேன். வலை தைக்கிறவர்களுக்கு முன்னாலேயே இருந்து, எண்ணெய்க் கையோடு, திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டினேன்.

அதோடு எல்லாம் சரி வந்தது என்று நினைக்காதே. பெருமையை விட்டவள் மற்றப் பக்கத்தால் விழுந்தேன். "எனக்கு ஒண்டும் தெரியாது மெற்றில்டா, நீ சொல்லு நான் செய்யிறன்" என்று தொடங்கிவிட்டேன். இஞ்சினின் பிடியை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கரையைத் திரும்பிப் பார்த்துக் கேட்பேன். வலது பக்கம் போகப் பிடியை இடது பக்கம் தள்ள வேண்டும் என்று அவள் கத்துவாள். நான் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லி, யோசித்து, கடைசியில் நேர்மாறாகத் தள்ளுவேன். ஒருநாள் நங்கூரம் போட்டுக் கிடந்த ஒரு படகின் விலாவில் போய் மெல்ல முட்டினேன். அதில் படுத்திருந்தவர் எழும்பி, "என்ன அக்கா, தேத்தண்ணி கொண்டுவந்தனீங்களோ?" என்று கேட்டார். அன்று எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. இந்த வயதில் இது எனக்கு வராது, வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுவோம், படகு போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். நீ இப்போது இருக்கிறாயே, அதே இடத்தில்தான் நானும் அன்று நின்றேன்.

மறுநாள் காலையில் வைக்கோல் ஏற்ற லாண்ட்மாஸ்டரைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனேன். குளக்கட்டுக்கு ஏறும் இடத்தில் வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினேன். திரும்பிக்கொண்டிருக்கும்போதே என் கையைப் பார்த்தேன். கை பிடியை இடது பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது! இத்தனை வருடமாக அப்படித்தான் தள்ளியிருக்கிறது. பிடி பின்னால், முகம் முன்னால், கை இந்தப் பக்கம் போனால் முகம் அந்தப் பக்கம் போகும். படகும் அதேதான். என் கைக்கு எப்போதோ தெரிந்த ஒன்றை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிச் சொல்லி நானே கெடுத்திருக்கிறேன். நடுக்கட்டில் இஞ்சினை நிற்பாட்டிவிட்டுத் தனியாக இருந்து சிரித்தேன். பின்னால் மாடுகளை ஓட்டிச் சாய்த்துக்கொண்டு வந்தவர் எனக்கு என்ன பிடித்துவிட்டதோ என்று பயந்து, அவற்றைக் குளக்கட்டிலிருந்து இறக்கிச் சுற்றிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் கரைக்குப் போய், கரையைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன். திரும்ப வேண்டிய இடத்தில் நான் குளக்கட்டில் திரும்புகிற மாதிரித் திரும்பினேன். ஆனால் மணலைக் கண்ட இடத்தில் வயலை மறந்தேன், வேகத்தைக் குறைத்து இஞ்சினைத் தூக்கினேன். வயலில் பழகியதில் எதைக் கடலுக்குக் கொண்டுவரலாம், எதைக் கரையில் விட வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத்தான் எனக்கு அவ்வளவு நாளும் சென்றது. அதற்குப் பிறகு எல்லாருக்கும் முன்னால்தான் பழகினேன். வலை தைக்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சிலது சரி, சிலது வெறும் கதை, எல்லாவற்றையும் கேட்டேன். சிரிக்கிறவர்களிடமே "அப்ப எப்பிடிச் செய்யிறது, காட்டுங்கோ" என்று கேட்கப் பழகினேன். சிரித்த வாய் அப்படிக் கேட்டதும் உடனே சொல்லித்தரத் தொடங்கிவிடும் தம்பி, இதை நான் கண்ணால் கண்டேன். தேத்தண்ணி கேட்ட மனிசன்தான் அலைக்கு எப்படி முகம் கொடுப்பது என்று எனக்குக் காட்டினார்.

தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று இந்த முறை முந்திவிட்டது. மெற்றில்டாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று காலையிலேயே கடல் நிறம் மாறியது. பாசி நன்றாகப் பருத்து அறுவடைக்கு நின்றது. காற்று முழுதாக இறங்கினால் கயிறும் பாசியும் ஒரே சுருட்டாகக் கரைக்கு வரும், எங்கள் பாடு அத்தனையும் குப்பை. கரைக்காரர் தங்கள் வலைகளை எடுக்கப் போய்விட்டார்கள். குழுவில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தியும் மணலைப் பார்க்கவில்லை. "வாங்கோ" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பயம் இல்லாமலில்லை, ஆணி இருக்கிறதா என்று மடி முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பரீதா வழக்கம்போல அணியத்தில் ஏறினாள்.

கயிறுகளை அவிழ்த்து அவிழ்த்துப் படகு நிறையப் பாசியை ஏற்றினோம். ஏற்றிக்கொண்டு திரும்பும்போது காற்று உரத்துவிட்டது. வயலில் பெட்டியோடு வரம்பு ஏறும்போது ஒருபக்கச் சில்லால் ஏறினால் கவிழும், முகத்தைக் கொடுத்துத்தான் ஏற வேண்டும். அலைக்கும் அதைத்தான் செய்தேன், கை தானாகச் செய்தது. அப்போதுதான் அவிழ்ந்த கயிறொன்று விசிறியில் சுற்றியது. டக். அந்தச் சத்தம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஒருத்தி "மடு மாதாவே" என்றாள், பரீதா "யா அல்லாஹ்" என்றாள், நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன், ஆனால் கூப்பிட்டுக்கொண்டே "நங்கூரத்தைப் போடுங்கோ" என்றும் கத்தினேன். படகு காற்றுக்கு முகம் கொடுத்து நின்றது. இஞ்சினைத் தூக்கி, கயிற்றை அறுத்து, மடியில் முடிந்திருந்த ஆணியை எடுத்தேன். கை நனைந்து விறைத்திருந்தது, ஒருத்தி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கழற்று, பழையதைத் தட்டு, புதியதைப் போடு, பூட்டு. கரையில் எல்லாருக்கும் முன்னால் இருந்து திரும்பத் திரும்பச் செய்த வேலை. கண்ணை மூடிக்கொண்டும் செய்திருப்பேன். இஞ்சின் பற்றியது. மணல்திட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன், பெண்கள் எல்லாரும் குதித்துத் தள்ளினார்கள், வலைக்காரர்கள் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஒரு கயிறு விடாமல் அத்தனையும் கரை சேர்ந்தது. நான் மணலில் இறங்கிக் கையை மேலே தூக்கிக் கூவினேன். என் வயதில் கூவுகிற கூவலா அது! கலியாண வீட்டில்கூட நான் அப்படிச் சத்தம் போட்டதில்லை. பரீதா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்று பின்னேரம் மெற்றில்டா ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தாள். பெண் பிள்ளை, சுகமாகப் பிறந்திருந்தது. பாசியைப் பற்றிக் கேட்கவில்லை, கயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை. "அக்கா, ஆணி உடைஞ்சதோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். "கடலிலயோ மாத்தினீங்கள்?" "ஓம், காத்துக்குள்ள." பிறகு அந்த லவுட்ஸ்பீக்கர் குரல், "அப்ப நான் அவசரமில்லாம ஆறுதலா வாறன்" என்றது. தம்பி, என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சேட்டிபிக்கட் அது ஒன்றுதான்.

நீ குளக்கட்டில் சைக்கிள் பழகியது எனக்கு நினைவிருக்கிறது. விழுந்து, முழங்கால் உரசி, குளக்கட்டால் போய் வருகிறவர்கள் எல்லாரும் சிரிக்க, முதலில் சிரிக்கத் தொடங்கியது நீதான். அந்தப் பிள்ளை எங்கேயும் போய்விடவில்லை. அப்பாவின் முழங்காலுக்கு மருந்து கட்டும்போது, நோகும் இடம் வருமுன்னமே அவர் முகத்தைப் பார்த்துக் கையை மெதுவாக்குகிறவன் நீ. அந்தக் கையும் கண்ணும் எந்தப் பாசைக்காரனுக்கும் போதும், அவற்றைத் தைரியமாகக் கொண்டுபோ. புத்தகத்தையும் படி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மத்தியானத்தில் ஒளித்து ஓட்டாதே. நாளைக்கு வார்டுக்குப் போய், அன்று ஆகப் பெரிதாகச் சிரித்த நோயாளி ஆரோ, அவருடைய கட்டிலடியிலேயே நின்று, "இதை எப்படிச் சரியாகச் சொல்வது?" என்று கேள். கேட்பதையும் சிங்களத்திலேயே, பிழையாகக் கேள். அதற்குப் பிறகும் ஊருக்கு வர வேண்டும் என்று நினைத்தால் வா, உன் கட்டில் இங்கே இருக்கிறது, நான் ஒரு சொல்லும் கேட்கமாட்டேன்.

இந்தக் கடிதத்தோடு கடதாசியில் சுற்றி ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும். அன்று மத்தியானம் ஒளித்து ஓட்டி நான் உடைத்த ஆணியின் ஒரு பாதி அது. மற்றப் பாதி என்னிடம் இருக்கிறது. சட்டைப்பையில் போட்டுக்கொள். வார்டில் ஆரும் சிரித்தால் அதைத் தடவிப் பார், உடைந்தது ஆணிதான், இஞ்சின் நன்றாக இருக்கிறது.

காற்று ஓய்ந்ததும் லீவு எடுத்துக்கொண்டு வா. வீட்டுக்கு வராதே, நேரே கரைக்கு வா. உன்னை அணியத்தில் இருத்தி நான் ஓட்டிக்கொண்டு போகிறேன். பாசிக் கயிறுகளைத் தாண்டியதும் இஞ்சினை நிற்பாட்டுகிறேன். அங்கே வைத்து எனக்குச் சிங்களம் சொல்லித்தா. நான் பிழையாகத்தான் சொல்வேன், சத்தமாகவும் சொல்வேன். நீ நன்றாகச் சிரி.